கெட்டிப் பித்தளை

"நீங்க போடுற பூவெல்லாம் தேய்ச்சா போயிடுமா?" என்று அப்பா ஒருநாள் என்னிடம் கேட்டார்.

நான் பின்பக்க பால்கனியில் முக்காலியில் உட்கார்ந்து பிளாஸ்டிக் தட்டை ஆட்டிக்கொண்டிருந்தேன். தட்டுக்குள் காப்பிக் கஷாய நிறத்தில் மருந்து. அதற்குள் கவிழ்ந்து கிடந்தது ஒரு பித்தளைத் தகடு. அப்பா வாசற்படியில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று நின்றிருந்தார். கொடியில் காய்ந்த போர்வை அவர் முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது, அவரும் அதை ஒதுக்கிக்கொண்டே இருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற புதிது. பகல் வேளையில் வீட்டுக்குள் எங்கே நிற்பது என்பது அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

போகாது என்றேன். ஆசிட் பட்டால் என்று கேட்டார். அதில் போட்டுத்தான் வரைகிறோம் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். சற்று நேரத்தில் நீல வெல்வெட் துணியில் சுற்றிய பெட்டியோடு திரும்பி வந்தார்.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லாவிட்டால் எதுவும் புரியாது.

அப்பா பிஸ்கட் தொழிற்சாலையில் அடுப்புப் பகுதியில் வேலை பார்த்தார். அடுப்பு என்றால் நம் வீட்டு அடுப்பு மாதிரி இல்லை. ஒரு தெரு நீளத்துக்கு இருக்கும் என்பார். ஒரு முனையில் மாவாகப் போவது மறுமுனையில் பிஸ்கட்டாக வரும். அவர் மறுமுனையில் நின்று நிறம் பார்ப்பவர். கொஞ்சம் சிவந்தால் சூட்டைக் குறைக்க வேண்டும், வெளுத்தால் கூட்ட வேண்டும். எங்கள் சின்ன வயதில் அவர் சட்டையில் வெனிலாவும் கருகின சர்க்கரையும் கலந்து மணக்கும். அம்மா எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. உடைந்த பிஸ்கட்டுகளைக் காகிதப் பையில் கொண்டு வருவார். எங்கள் மாடிப் பிள்ளைகள் அவர் செருப்புச் சத்தத்தை வைத்தே படிக்கட்டில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

ஓய்வு பெறும் நாளில் மேடைக்குக் கூப்பிட்டுக் கை குலுக்கி அந்தப் பெட்டியைக் கொடுத்தார்கள். அந்த வருடம் ஓய்வு பெற்ற எல்லோருக்கும் அதே பெட்டி. அப்பா அதை வழியில் பிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, கை கழுவி, ஈரம் துடைத்து, அப்புறம்தான் வெல்வெட்டை விலக்கினார். இரண்டு சோப்புக் கட்டியை அடுக்கி வைத்த அளவு. முன்பக்கம் தொழிற்சாலையின் முத்திரை. மேலே கண்ணாடி மாதிரி வெறும் மூடி, கீல் கிடையாது, தனியாகத் தூக்கி எடுக்கலாம். அதை எங்கள் ஒவ்வொருவர் கையிலும் வைத்தார். "கனம் பாத்தியா? கெட்டிப் பித்தளை."

அதற்கப்புறம் வீட்டுக்கு வந்தவர் ஒருவர்கூட அந்தக் கனத்தைப் பார்க்காமல் திரும்பியதில்லை. குழாய் ரிப்பேர்க்காரர், மின்சார மீட்டர் பார்க்க வந்தவர், வீடு மாறி வந்துவிட்ட பார்சல்காரர் உட்பட. அவர் குழாயைப் பார்க்க வந்தாரா, எடை போட வந்தாரா என்று அம்மா முணுமுணுப்பாள். பட்டன் போட்டு வைக்க அந்தப் பெட்டியை ஒரு தரம் அம்மா கேட்டாள். அப்பா அன்று முழுக்க அம்மாவை அந்நிய நாட்டு ஒற்றனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அந்தப் பெட்டியைத்தான் என் மடியில் வைத்தார்.

நானும் அக்காவும் உலோகத்தில் பூப்போட ஆரம்பித்தது அக்காவின் கடையால். அவள் ரேடியோ, டீவி பழுது பார்க்கும் கடையில் வேலை செய்தாள். அங்கே செம்புத் தகடு ஒட்டிய அட்டையை ஒரு மருந்தில் போடுவார்கள். பெயின்ட் பூசின இடம் அப்படியே நிற்கும், பூசாத இடத்துச் செம்பை மருந்து தின்றுவிடும். மிஞ்சுவது மின்சாரம் ஓடும் கோடுகள். அக்காவுக்கு ஒருநாள் தோன்றியது, கோட்டுக்குப் பதில் கொடி வரைந்தால் அது கொடியாகத்தானே மிஞ்சும் என்று. மருந்துத் தூளை ஒரு ஊறுகாய்ப் பாட்டிலில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தாள். அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. நாங்கள் கடிமருந்து என்றோம்.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வருகைப் பதிவில் என் பெயரைக் கூப்பிட்டால் எனக்குக் குரல் வராது. உட்கார்ந்திருப்பேன், ஆனால் வரவில்லை என்று பதிவாகும். கடைசியில் நிஜமாகவே போகாமல் நின்றுவிட்டேன். அதனால் பகலெல்லாம் வீட்டில் இருந்தது நான்தான். வரைவது அக்காவின் வேலை, கடிக்க விடுவது என் வேலை என்று தானாகவே பிரிந்துவிட்டது.

முதலில் தகட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சோப்பில் கழுவ வேண்டும். விரல் எண்ணெய் ஒட்டினால்கூட அந்த இடத்தில் மருந்து கடிக்காது. அப்புறம் தார் பெயின்ட் பூசிக் காய விட வேண்டும். ஆரம்பத்தில் அக்காவின் நெயில் பாலிஷைத்தான் பூசினோம், அது கட்டுப்படி ஆகவில்லை. காய்ந்த கறுப்பின் மேல் ஊசியால் கீறி வரைவாள். கீறின இடமெல்லாம் பொன் இழை மாதிரி மின்னும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பதே எனக்குப் போதும். வரைந்த பக்கம் கீழே பார்க்கும்படி மருந்தில் போடுவேன். நிமிர்த்திப் போட்டால் தின்ற கசடு கோட்டுக்குள்ளேயே படிந்து, கோடு மேடும் பள்ளமுமாகிவிடும். கடிகாரம் பார்க்கத் தேவையில்லை. கீழ்வீட்டு ரேடியோவில் பாட்டு நேரம் தொடங்கும்போது போட்டால் செய்தி தொடங்கும்போது எடுக்கலாம். மழை நாள் என்றால் செய்தி முடியும்வரை விட வேண்டும். ஊசியைக் குறுக்கே இழுத்தால் கோட்டில் தடுக்க வேண்டும், அதுதான் பதம்.

கடைசியில் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அமுக்கினால் கடி நின்றுவிடும். சோடா அப்பா கொடுத்தது. தொழிற்சாலையில் பொங்க வைப்பதற்குப் போடுவதை இங்கே அடங்க வைப்பதற்குப் போடுகிறீர்களே என்று சிரித்தார்.

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு தரம் நான் மருந்தைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டேன். எவர்சில்வர் தொட்டியில் அம்மைத் தழும்பு மாதிரி விழுந்துவிட்டது. ஊரில் பெண்பிள்ளைகள் வீட்டுக்கு ஒரு பொருள் சேர்ப்பார்கள், இந்த இரண்டும் இருக்கிற பொருளில் ஓட்டை போடுகின்றன என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் தொட்டியைக் காட்டினாள். ஆனால் நாங்கள் முதலில் செய்த மல்லிகைக் கொடித் தட்டை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. அதில் யாரையும் சாப்பிடவும் விடவில்லை.

அப்பா கேட்டது மூடியின் மேல் ஒரு பிஸ்கட். ஏதோ ஒன்றல்ல, ஓரம் நெளிநெளியாய், நடுவில் கொடி ஓடி, சுற்றிலும் துளை துளையாக இருக்குமே, அது. அவர் அடுப்பில் அதிகம் வெந்தது அதுதான். செய்தித்தாள் ஓரத்தில் வரைந்தே காட்டினார். எந்த வரிசையில் எத்தனை துளை என்று பார்க்காமல் சொன்னார். துளை எதற்கு என்று அக்கா கேட்டாள். "துளை இல்லேன்னா உள்ள இருக்கிற ஆவி போக வழியில்லாம வீங்கிடும். அது மூச்சு விடறதுக்கும்மா," என்றார். ஓய்வு பெற்றவர்கள் எல்லோரும் அடுத்த மாதம் ஒரு கூடத்தில் சந்திக்கப் போகிறார்களாம். அங்கே கொண்டுபோக வேண்டும்.

இதற்கு ஏன் இத்தனை அவசரம் என்று அன்று சாயங்காலம் சமையலறையில் அம்மா கேட்டாள். நான் பால்கனியில் கழுவிக்கொண்டிருந்தேன். அப்பா சொன்னார்: "மேஸ்திரின்னா ஒரு சுவராவது நிக்கும். நான் செஞ்சதெல்லாம் யாரோ டீயில நனைச்சுத் தின்னு முடிச்சுட்டாங்க. இது ஒண்ணுதான் கெட்டியா கையில மிஞ்சுச்சு."

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

பழைய ஸ்பீக்கரில் கழற்றின ஒரு காந்தத்தை அக்கா எப்போதும் வைத்திருப்பாள். எந்தப் பொருள் வந்தாலும் முதலில் காந்தம் வைப்பாள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே வெறும் முலாம். அதை நாங்கள் தொடமாட்டோம். அப்பாவின் மூடியில் காந்தம் ஒட்டவில்லை, நழுவி விழுந்தது. அக்கா பெயின்ட் பூசினாள். இரண்டு நாள் வரைந்தாள். அப்பா பக்கத்திலேயே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, நெளிவு இன்னும் கொஞ்சம் உருண்டையாக, கொடி இன்னும் கொஞ்சம் மெலிதாக என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்களோடு அவர் அவ்வளவு நேரம் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நாங்கள் வளர்ந்த வருடங்களில் அவர் அடுப்போடு இருந்தார். அந்த இரண்டு நாளை நினைத்தால் இப்போதும் தார் பெயின்ட் வாசம் வருகிறது எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை, கீழே பாட்டு நேரம் தொடங்கியதும் மூடியை மருந்தில் இறக்கினேன்.

பித்தளை சத்தம் போடாமல் கடிபடும். தண்ணீரில் கல் கிடப்பது போலத்தான் கிடக்கும். இது இறங்கின உடனே சோடா பாட்டிலைத் திறந்ததுபோல இரைந்தது. ஓரமெல்லாம் நுரை. தட்டின் அடி சூடானது. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கையுறைகூடப் போடாமல் கையை விட்டு மூடியை இழுத்து எடுத்துச் சோடாத் தண்ணீரில் போட்டாள். அது இன்னும் பொங்கியது.

அடங்கினபின் வெளியே எடுத்தோம். ஊசி கீறின கோடுகளைக் காணோம். பித்தளை பாலாடை மாதிரிச் சுருங்கி விளிம்பில் உரிந்து தொங்கியது. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில், ரொட்டித் துண்டைப்போலப் பொத்தல் பொத்தலாக வேறொரு உலோகம்.

அக்கா நகத்தால் சுரண்டினாள். "துத்தநாகம்," என்றாள். "ரேடியோ திருகு குமிழெல்லாம் இதுலதான் வார்ப்பாங்க. கனமா இருக்கும். காந்தமும் ஒட்டாது." உரிந்த பித்தளையைக் கிள்ளி எடுத்து, "மேல சும்மா பூச்சு," என்றாள்.

இரைச்சல் கேட்டு அம்மா வந்து நின்றிருந்தாள். பழைய தொட்டிக் கதையை எடுத்துத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் மூடியை வாங்கிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். அப்பா முன்னறையில் செய்தித்தாளை மடிக்கும் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் ஒரு அறையில் பெருமூச்சு விட்டால் மறு அறையில் என்ன என்று கேட்பார்கள். அம்மா தன் குரலை அதற்குத் தக்கபடி இறக்கிக்கொண்டாள்.

"நீங்க கெடுத்துட்டதா சொல்லுங்க. உங்களைத் திட்டினா சாயங்காலத்துக்குள்ள மறந்துடுவாரு. இது தெரிஞ்சா மறக்க மாட்டாரு."

அக்காதான் போய்ச் சொன்னாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன். அதிக நேரம் விட்டுவிட்டோம் என்றாள். மூடியைக் கொண்டு வா, பார்க்கலாம் என்றார் அப்பா. அக்கா திணறினாள். பொய் சொல்லத் தெரியாதவள் சொல்லும் பொய் எப்போதும் தேவைக்கு மேல் பெரிதாகத்தான் வரும்.

"முழுசா கரைஞ்சுடுச்சுப்பா."

"மூடி முழுசுமா?"

"ம்."

அப்பா திட்டவில்லை. கெட்டிப் பித்தளை என்றாலும் ஆசிட் ஆசிட்தானே என்றார். கை கால் சுட்டுக்கொள்ளவில்லையே என்று கேட்டார். சாயங்காலம் பார்த்தால், பெட்டியின் வாயளவுக்கு ஒரு அட்டையை வெட்டி மூடிபோல வைத்திருந்தார். பிஸ்கட் டப்பா அட்டை. அதைப் பார்த்த பிறகு அக்காவும் நானும் இரவுச் சாப்பாட்டில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மறுநாளே அக்கா உண்மையான பித்தளைத் தகடு ஒன்று வாங்கி வந்தாள். இந்தத் தரம் காந்தத்தை நம்பவில்லை. மூலையில் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்து, உள்ளேயும் மஞ்சள்தான் என்று பார்த்தாள். அன்றிலிருந்து எங்கள் வழக்கம் அதுவாகிவிட்டது, எந்தப் பொருள் வந்தாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அரம் ஒரு இழுப்பு. கெட்டுப்போன மூடியைக் காகிதத்தில் சுற்றிக் கடைக்கு எடுத்துப்போய்ப் பழைய இரும்போடு போட்டுவிட்டாள்.

அந்தப் புது மூடியைச் செய்த நாட்களைப் போல நாட்கள் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை. அக்கா கடை விட்டு வந்ததும் உட்காருவோம். அவள் ரம்பத்தால் அறுப்பாள், நான் தகடு ஆடாமல் பிடித்துக்கொள்வேன். பெட்டியின் வாய்க்குள் பதிந்து உட்கார ஒரு சின்னத் தகட்டை அடியில் வைத்து ஈயம் பற்றவைத்தாள். வரைந்தது நினைவிலிருந்து, செய்தித்தாள் ஓரத்தில் அப்பா போட்ட படத்திலிருந்து. இம்முறை அப்பா வந்து உட்காரவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை.

நான் அதை ஒரேயடியாகக் கடிக்க விடவில்லை. கொடி மெலிதாக இருக்க வேண்டும் என்று அவர் சொன்னது காதில் இருந்தது. முதல் கடி முடிந்ததும் எடுத்துக் கழுவி, கொடியின் மேல் மட்டும் பெயின்டால் மூடிவிட்டு மறுபடி போட்டேன். அப்புறம் துளைகளை மூடிவிட்டு, நெளிந்த ஓரத்தை மட்டும் இன்னும் ஆழமாகத் தின்ன விட்டேன். எடுத்துத் துடைத்தபோது, வெந்த பிஸ்கட்டில் விளிம்பு தாழ்ந்து நடு எழும்பியிருக்குமே, அந்த மாதிரி இருந்தது. நாங்கள் செய்ததிலேயே அதுதான் நல்லது. அக்கா பார்த்துவிட்டு என் தலையில் ஒரு குட்டுக் குட்டினாள். அவள் பாராட்டும் விதம் அது.

அப்பா ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். கட்டைவிரலால் சுற்றிலும் தடவினார். பெட்டியைவிட மூடி கொஞ்சம் சிவப்பாக இருக்கிறதே என்றார். மருந்து பட்டால் நிறம் மாறும் என்றாள் அக்கா, இப்போது அவளுக்குப் பொய் கொஞ்சம் பழகிவிட்டது. அப்பா மறுபடி தடவினார்.

"துளை ஒண்ணு கூட இருக்கே."

அக்கா செய்தித்தாள் படத்தைத் தேடி எடுத்து எண்ண ஆரம்பித்தாள்.

"இருந்துட்டுப் போகட்டும். இன்னொரு மூச்சு விட்டுக்கட்டும்," என்று சிரித்தார். அட்டையை எடுத்துவிட்டு மூடியை வைத்தார். அது பதிந்து உட்கார்ந்தபோது டக் என்று ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்துக்காக அன்று பலமுறை திறந்து திறந்து மூடினார்.

சந்திப்புக்குப் போய்விட்டு வந்தபோது அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அவ்வளவு பேசியிருக்கிறார். பெட்டி வரிசை வரிசையாகக் கைமாறிப் போனதாம். சிலர் பிஸ்கட்டின் பெயரைச் சொல்லிக் கத்தினார்களாம். முதல் மூடியைப் பிள்ளைகள் முழுசாகக் கரைத்துவிட்டார்கள் என்பதையும் பெருமையாகவே சொல்லியிருந்தார், கெட்டிப் பித்தளையையே விழுங்குகிற மருந்து என் பெண்களிடம் இருக்கிறது என்று. எல்லோருக்கும் இதே மாதிரிப் போட்டுக்கொள்ள ஆசை வந்துவிட்டதாம். அவரவர் பெட்டியைக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன் என்றார்.

அக்கா சாப்பிடுவதை நிறுத்தினாள். யார் வந்தாலும் நேரமில்லை என்று சொல்லிவிடுங்கள் என்று அம்மா பிறகு எங்களிடம் தனியாகச் சொன்னாள். கொஞ்ச நாள் யாரும் வரவில்லை. சொல்கிறவர்கள் எல்லோரும் வருவார்களா என்று நாங்களும் மறந்தோம்.

ஃபிட்டர் மாமா வந்தார்.

தொழிற்சாலையில் மிஷின்களைப் பழுது பார்த்தவர் அவர். மிஷின் சத்தத்துக்கு மேல் பேசியே பழகின தொண்டை. கீழ் மாடியில் ஏறும்போதே யார் வருகிறார் என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அக்கா கடையில், அம்மா வெளியே. அப்பாவும் நானும்தான். அப்பாவை அவர் அடுப்பு என்றுதான் கூப்பிடுவார். "என்னய்யா அடுப்பு, அணைஞ்சு போயிட்டியா, ஆளையே காணோம்," என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்து, பையிலிருந்து தன் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். அதே வெல்வெட், அதே முத்திரை. அவருக்கு மூடிமேல் பல்சக்கரங்கள் வேண்டுமாம், ஒன்றை ஒன்று கவ்வினமாதிரி.

அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். டீ போடுகிறேன் என்று சமையலறைக்குப் போனார். நீ போய்ப் பாப்பா வேலை செய்கிற இடத்தைப் பார் என்று அவரைப் பெட்டியோடு என் பின்னால் பால்கனிக்கு அனுப்பிவிட்டார்.

ஃபிட்டர் மாமா முக்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார், பேசிக்கொண்டே இருந்தார். மருந்துக் கறை ஏறிய என் விரல்களைப் பார்த்து மருதாணியா என்றார். மேனேஜரைப் பற்றி ஒரு கதை சொன்னார். இந்தப் பெட்டியை வைத்துத்தான் வீட்டில் மருமகள் தன்னை மதிக்கிறாள் என்று சொல்லி அவரே சிரித்தார். நான் நேரமில்லை மாமா என்றேன். என்னிடமிருந்து வந்த குரல் எனக்கே கேட்கவில்லை, ஆனால் அவருக்கு எப்படியோ கேட்டுவிட்டது.

"அவசரமே இல்ல பாப்பா. முடியாதுன்னா அந்த மருந்துல கொஞ்சம் குடு, போதும். நான் ஃபிட்டர். வீட்டுல நானே போட்டுக்கறேன்."

அவர் வீட்டில் போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அது பொங்கும். சாம்பல் தெரியும். அவருக்கு ஒரு விஷயம் தெரிந்தால் மூன்று தெருவுக்குத் தெரியும். மறுநாள் காலை இதே படியில் நின்று, அடுப்பு, நம்மளை எல்லாம் ஏமாத்திட்டாங்கய்யா என்று அப்பாவிடம் கத்துவார். அவரை எப்படி நிறுத்துவது என்று யோசித்தேன். அக்காவாக இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாள். எனக்கு வார்த்தை வராது, கைதான் வரும்.

அவர் பெட்டியை வாங்கிக் கவிழ்த்தேன். அடியில் ஒட்டியிருந்த துணியின் ஒரு மூலையை நகத்தால் தூக்கினேன். தட்டுக்குப் பக்கத்தில் இருந்த அரத்தை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தேன். எந்தப் பொருளுக்கும் செய்கிறபடிதான்.

அவர் அப்போதும் பேசிக்கொண்டிருந்தார். பல்சக்கரத்துக்குப் பல் எப்படி இருக்க வேண்டும் என்று கையை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். நான் பெட்டியை அவர் பக்கம் திருப்பி நீட்டினேன். காட்டின கை அப்படியே நின்றது.

வாழ்நாள் முழுக்க உலோகத்தோடு இருந்தவர். ஆனால் பரிசாக வந்ததை யார் அரம் வைத்துப் பார்ப்பார்கள்? கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். என் கையிலிருந்து அரத்தை வாங்கி, நான் இழுத்த கோட்டுக்குப் பக்கத்தில் அவரே ஒன்று இழுத்தார். கட்டைவிரலை எச்சில் தொட்டு அந்த இடத்தைத் துடைத்தார். விரல் நுனியில் சாம்பல் பொடி ஒட்டியிருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

பிறகு முன்னறைப் பக்கம் தலையைத் திருப்பினார். அலமாரியில் அப்பாவின் பெட்டி தெரிந்தது.

"அதுவுமா?" என்றார். அவரிடம் அப்படி ஒரு சின்னக் குரல் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

"மூடி மட்டும் பித்தளை, மாமா. நாங்க செஞ்சது," என்றேன். அப்புறம், "அப்பாவுக்குத் தெரியாது," என்றேன்.

அவர் பெட்டியை வெல்வெட்டில் சுற்ற ஆரம்பித்தார். சுற்றின துணி ஒழுங்காக வரவில்லை, பிரித்து மறுபடி சுற்றினார்.

அப்பா டீயோடு வந்துவிட்டார். வா, இங்கே காற்று வரும் என்று முன்னறைக்குக் கூப்பிட்டார். நானும் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றேன். என்னய்யா, பாப்பாகிட்ட குடுத்துட்டியா என்று அப்பா கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் அலமாரியிலிருந்து தன் பெட்டியை எடுத்து அவர் கையில் வைத்தார். சந்திப்பில் கூட்டத்தில் சரியாகப் பார்த்திருக்க மாட்டாய், இப்போது பார் என்றார். நெளிவைக் காட்டினார். கூடுதலாக விழுந்த துளையைக் காட்டிச் சிரித்தார். கம்பெனியை ஆயிரம் திட்டியிருப்போம், கடைசியில் கொடுத்ததைக் கெட்டியாகக் கொடுத்தான் பார் என்றார்.

"கனம் பாத்தியா?"

ஃபிட்டர் மாமா நிமிர்ந்து அப்பா முகத்தைப் பார்த்தார். நான் கதவுச் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவர் பெட்டியை இரண்டு உள்ளங்கையிலும் தாங்கி, உயர்த்தி, இறக்கி, மறுபடி உயர்த்தினார். தலையை மெல்ல மேலும் கீழும் ஆட்டினார். எழுந்துபோய் அலமாரியில் அது இருந்த இடத்திலேயே வைத்து, முத்திரை நேராக முன்னால் தெரியும்படி விரலால் நகர்த்தி விட்டார். டீயை ஒரே மூச்சில் குடித்தார். தன் பெட்டியைப் பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு, செருப்பை மாட்டி, படியிறங்கிப் போனார்.